பதம் அகப்பட்ட ஆனந்தம்

எழுதுகோல் பிடித்தோர் அடையும் இன்பங்களுள் பிறர் அறியாதது ஒன்று உண்டு. கருத்து தெளிவாயிருக்கிறது, வாக்கியமும் முக்காற்பங்கு அமைந்துவிட்டது, ஒரு பதம் மட்டும் வர மறுக்கிறது. பத்துச் சொற்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகின்றன. பின்னர், எதிர்பாராத ஒரு கணத்தில், உரிய சொல் தானே வந்து அமர்கிறது. அதற்கு ஈடான கூலியை எந்தப் பத்திராலயமும் கொடுத்ததில்லை, கொடுக்கவும் இயலாது.

இவ்வின்பத்தின் பெருமையைக் காஞ்சி நகரம் ஒரு கதையாகவே போற்றி வைத்திருக்கிறது. குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றத் தொடங்கியபோது, முதற் சொல்லிலேயே தடை எழுந்ததாம். 'திகழ்' என்பதும் 'தசம்' என்பதும் புணர்ந்து 'திகடசம்' ஆகும் என்பதற்கு இலக்கண விதி யாது என்று சபையில் ஒருவர் வினவினார். மறுநாள் சோழ நாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தை ஏந்தி வந்து, சந்திப் படலத்தில் விதியைக் காட்டினார் என்பர். வந்தவர் முருகனே என்பது பக்தர்களின் நம்பிக்கை. அதை நாம் ஆராயப் புகவில்லை. ஒரு சொல்லுக்காகக் கடவுளே ஏடு சுமந்து வந்தார் என்று கதை கட்டியவர் எழுத்தின் வேதனையை அறிந்தவர் என்பதில் மட்டும் நமக்கு ஐயமில்லை.

புலவர்க்கு ஓரிரவு அவகாசம் கிடைத்தது. பத்திரிகைக்காரனுக்கோ அதுவும் இல்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் தொடங்கிய 'சுதேசமித்திர'னில் 1904-ம் வருஷம் உதவியாசிரியராக அமர்ந்த பாரதியார்க்குத் தந்திகள் ஆங்கிலத்திலேயே வந்தன. அவற்றைத் தமிழர் தமிழிலே படிக்கவேண்டும். உலக அரசியலைக் குடியானவனும் நெசவாளியும் அறிவதும் அறியாதிருப்பதும் அந்த மேஜையில் அகப்படும் சொற்களைப் பொறுத்திருந்தன. பிற்காலத்தில் ஒரு கட்டுரையில் 'மெம்பர்' என்பதற்குத் தமிழ் தேடி அரைமணி நேரம் யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 'சபிகன்' பொருத்தமே, ஆயினும் பொதுஜனங்களுக்கு விளங்காது என்று அதை ஒதுக்கினார். கடைசியில் 'மெம்பர்' என்றே எழுதிவிட்டார். மகாகவிக்கு அன்று வாய்க்காத 'உறுப்பினர்' என்ற பதம் இன்று கிராமச் சபை வரையில் வழங்குகிறது. சபிகனை அவர் தள்ளியது, நமது அபிப்பிராயத்தில், அவர் எழுதிய பல பக்கங்களுக்குச் சமம். சரியான பதம் என்பது பண்டிதர் மெச்சுவது அன்று. படிப்பவன் வாயில் தங்குவது.

அத்தகைய பதங்கள் அகராதியில் மட்டுமா இருக்கின்றன? காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றை அடுத்த செவிலிமேட்டுக்கு நேயர்கள் ஒருமுறை போய் வரலாம். சங்கச் செய்யுட்களின் செவிலித்தாயை நினைவூட்டும் பெயருடைய அவ்வூர் இப்போது காஞ்சிபுரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. அந்தப் பகுதியின் பட்டுத் தறியில் உடலுக்கு ஒரு நாடாவும் கரைகளுக்கு வேறு நாடாக்களும் ஓடுகின்றன. இரண்டு நிறத்து ஊடைகளும் எல்லையில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பிறமொழியார் மூன்று வரியில் விளக்கும் இதை நெசவாளர் 'கோர்வை' என்று முடித்துவிடுகிறார். கோர்வையாகப் பேசினார் என்று நாம் சொல்லும் அதே சொல்! பேச்சு என்பது வேறு வேறு இழைகள் பிரியாமல் பற்றி நிற்பது என்று தறிக்குழியில் இருப்பவர் நமக்கு உரை சொல்லுகிறார். நன்னூலாரும் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உவமித்தார். இழைக்கும் ஏட்டுக்கும் 'நூல்' என்ற ஒரே பெயர் இட்ட பாஷை அல்லவா இது!

பாவு, ஊடை, கோர்வை, பெட்னி என்று அத்தொழிலில் வழங்கும் சொற்கள் மிகப் பல. கைத்தறியை விட்டு மக்கள் வேறு வேலைக்குப் போகப் போக, அவையும் வாயிலிருந்து நழுவுகின்றன. 1916-ல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் சாஸ்திரப் பதங்களுக்கென்று ஒரு பரிபாஷைச் சங்கம் கண்டார்கள். தறிச் சொற்களைச் சேகரிக்கச் சங்கம்கூட வேண்டுவதில்லை. தமிழ் அபிமானமுள்ள வாலிபர் இருவர், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சில மாதம் செவிலிமேட்டுத் தறிகளின் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.