நாவலும் திரையும்: ‘பரதேசி’ தரும் பாடம்

இலக்கியப் படைப்பொன்றைத் திரைப்படமாக்குகையில் மூலத்திற்கு விசுவாசமாயிருத்தல் என்பது யாது? சம்பவங்களை அவ்வாறே பெயர்த்தலா, அன்றி அப்படைப்புப் புலப்படுத்தும் சமூக உறவுகளைப் பேணுதலா?

தோட்ட மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல், இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் ‘எரியும் பனிக்காடு’ எனப் பெயர்பெற்றது. அதனைத் தழுவிப் பாலா இயக்கிய ‘பரதேசி’ 2013இல் வெளிவந்தது. களம் ஆனைமலைத் தோட்டங்களே எனினும், கங்காணி, முன்பணம், தீராக்கடன், கொள்ளைநோய் என்பன அட்டன், நுவரெலியா வாசகர்க்குப் புதியனவல்ல.

கடனே தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைக்கும் விலங்கு என்பதைப் படம் செவ்வனே காட்டுகின்றது. ஆயின், நாவலில் தொழிலாளரின் சாவைத் தடுக்கப் போராடும் மருத்துவர், படத்தில் மதம் பரப்புபவராக மாற்றப்படுகின்றார். இம்மாற்றம் சிறிதன்று. அம்மருத்துவர் எதிர்கொள்ளும் தடைகளின் வாயிலாகவே, அச்சாவுகளின் வேர் தோட்ட முதலாளியத்தின் இலாபக் கணக்கில் உள்ளதென நாவல் நிறுவுகின்றது. படத்திலோ சுரண்டலின் மீது எழவேண்டிய சினம் மதமாற்றத்தின் மீது திருப்பப்படுகின்றது.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) போன்ற மலையக நாவல்களைத் திரைக்குக் கொணர விழைவோர் மனங்கொள்ள வேண்டியது இதுவே: நிகழ்ச்சிகள் குறையலாம், பாத்திரங்கள் இணையலாம், உழைப்பின் பயனைக் கவர்வோர் யார் என்ற வினாவிற்கான விடை மாறலாகாது.