மலைநாட்டுக் கூட்டத்துக்குக் குழுவாகச் செல்லும்போது

வன்னியிலிருந்து நுவரெலியாக் கூட்டத்துக்குச் செல்லும் குழு கொழும்பைச் சுற்றத் தேவையில்லை. வடபகுதிப் புகையிரதப் பாதை பொல்காவலையில் பிரதான பாதையோடு சேர்கிறது. அங்கே பதுளை வண்டிக்கு மாறி நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியா சுமார் 8 கிலோமீற்றர்.

ஆனால் 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகள் மலையகப் பாதையைச் சேதப்படுத்தின. ஆகவே வண்டி எதுவரை ஓடுகிறது என நிலையத்தில் விசாரித்த பின்பே நாளைக் குறிப்போம்.

இருட்டுமுன் தங்குமிடம் சேரவேண்டும். அந்நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் புறப்படுவோம். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரமானது. தை மாத இரவுக் குளிர் 10 பாகை செல்சியஸை அண்டும். கைக்குழந்தைக்காரருக்கும் முதியோருக்கும் கம்பளிப் போர்வையைக் குழுவே தேடிக்கொடுக்கட்டும். பயணச் செலவையும் பொதுவில் பகிர்வோம். இல்லாவிடில் காணியிழந்த ஏழையே வீட்டில் நிற்பார். அவரது குறையைக் கூட்டத்தில் சொல்ல ஆளிராது.