சங்க நூலகத்துக்கு ஒரு சிறு வலை நிரல் – பெர்ல் மொழியில்

டெல்லியில் ஒரு தமிழ்க் குடும்பம் ஒரு புத்தகத்துக்காகச் சங்க நூலகம் வரை வந்து போவதென்றால் ஞாயிற்றுக்கிழமையில் பாதி போய்விடும். ஆர்.கே.புரத்திலும் கரோல் பாகிலும் இருந்தவர்கள் இப்போது மயூர் விஹார், துவாரகா, நொய்டா, குருகிராம் என்று சிதறிக் கிடக்கிறார்கள். மெட்ரோவில் ஒரு மணி நேரம் வந்து சேர்ந்தபின், "அந்தப் புத்தகம் வெளியே போயிருக்கிறதே" என்று நூலகர் சொன்னால் மனம் என்ன பாடுபடும்! கேட்ட புத்தகம் அலமாரியில் இருக்கிறதா, இரவலில் போயிருக்கிறதா என்பதை வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்?

இதற்குப் பெரிய கம்பெனி மென்பொருள் ஒன்றும் தேவையில்லை. ஒருவர் சில மாலைப் பொழுதுகள் உட்கார்ந்தால் எழுதிவிடக்கூடிய சின்னப் புரோகிராம்தான் இது. அதை எழுதப் பெர்ல் என்ற பழைய மொழி இன்றும் போதுமானது என்பது என் கட்சி. "பெர்லா? அது இன்னும் இருக்கிறதா?" என்று கணிப்பொறித் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இருக்கிறது. ஆண்டுதோறும் புதிய பதிப்பு வந்துகொண்டிருக்கிறது. லினக்ஸ் கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் கேட்காமலேயே நிறுவப்பட்டிருக்கிறது.

பெர்லை உருவாக்கியவர் லாரி வால் என்ற அமெரிக்கர். முதல் பதிப்பு 1987 டிசம்பரில் வெளிவந்தது. இவர் மொழியியல் படித்தவர். எழுத்து வடிவமே இல்லாத ஒரு மொழிக்கு எழுத்து அமைத்துத் தரவேண்டும் என்ற எண்ணம் இளமையில் இருந்தது. அது நடக்கவில்லை, கணிப்பொறி மொழி ஒன்றை அமைத்தார். 'முத்து' என்று பொருள்படும் பெயரைத்தான் முதலில் வைத்தார். அதே பெயரில் வேறொரு மொழி ஏற்கெனவே இருந்ததால் ஓர் எழுத்தைக் குறைத்துக்கொண்டார். வரி வரியாக எழுத்தைப் படித்து, வேண்டியதைப் பொறுக்கி, மாற்றி, அறிக்கையாகத் தருவதே இம்மொழியின் பிறவிக் குணம். நம் காரியத்துக்கு இந்தக் குணம்தான் முக்கியம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் இணைப்பு கொடுக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15-இல். அந்தக் காலத்து இணையத்தில் படிவம் நிரப்பி அனுப்பும் இடங்களில் பெரும்பகுதிக்குப் பின்னால் பெர்ல்தான் உட்கார்ந்திருந்தது. அதற்கு வழி செய்தது சி.ஜி.ஐ. என்ற ஏற்பாடு, 1993-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. மையத்தில் பிறந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

தபாலாபீஸ் கவுன்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சீட்டு எழுதி நீட்டுகிறீர்கள். கவுன்டரில் இருப்பவர் அதை உள்ளே ஒரு குமாஸ்தாவிடம் கொடுக்கிறார். குமாஸ்தா பதிவேட்டைப் பார்த்துப் பதில் எழுதி வெளியே தருகிறார். கவுன்டர்காரர் வலைச் சர்வர். குமாஸ்தா நம் பெர்ல் புரோகிராம். ஒரு வித்தியாசம் உண்டு: இந்தக் குமாஸ்தா ஒவ்வொரு சீட்டுக்கும் புதிதாக வேலைக்கு வருவார், ஒரு பதில் எழுதியதும் வீட்டுக்குப் போய்விடுவார். முன்பு வந்தவர் யார் என்பதே அவருக்கு நினைவிராது. நினைவில் வைக்க வேண்டியதையெல்லாம் பதிவேட்டில்தான் எழுத வேண்டும்.

சீட்டு இருவிதமாக வரும். தேடுவது போன்ற சிறு கேள்வி, முகவரியின் வாலில் ஒரு கேள்விக்குறிக்குப் பிறகு ஒட்டிக்கொண்டு வரும். இரவல் பதிவு போன்றவை தனியாக, உள்ளீட்டு வழியே வரும். பதில் தரும்போது முதலில் "வருவது வலைப்பக்கம், எழுத்து முறை இன்னது" என்று ஒரு தலைப்பு வரி, அடுத்து ஒரு வெற்று வரி, பிறகு பக்கம். அந்த வெற்று வரியை விட்டுவிட்டால் 500 என்ற எண்ணுடன் சர்வர் கோபித்துக்கொள்ளும். புரோகிராமை விண்டோஸ் கணிப்பொறியில் எழுதி லினக்ஸ் சர்வரில் ஏற்றும்போது இன்னொரு விஷமம் நடக்கும். வரிமுடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். சர்வரோ "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று சாதிக்கும். கோப்பு கண்ணெதிரே இருக்கும்போது இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? வரிமுடிவை லினக்ஸ் முறைக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

ஒவ்வொரு சீட்டுக்கும் புதிய ஆள் என்பது பெரிய கடைகளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் இந்த முறை பின்தங்கியது. சி.ஜி.ஐ. வேலைக்கென்று பெர்லோடு சேர்ந்தே வந்த துணைத்தொகுப்பும் 2015-இல் 5.22 பதிப்பிலிருந்து விலக்கப்பட்டது, தனியே இறக்கிக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் மோஜோலிசியஸ் என்ற தொகுப்பை எடுத்துக்கொள்வது நல்லது. முழு நிரலும் ஒரே கோப்பில் அடங்கும், வேலையும் சுத்தம். ஒரு நாளைக்குச் சில நூறு பேர் தேடும் சங்கத்துக்கு இரண்டில் எதுவும் போதும்.

பதிவேட்டுக்கு எஸ்.க்யூ.லைட். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-இல் வெளியிட்ட இந்தத் தரவுத்தளம் முழுவதும் ஒரே ஒரு கோப்பு. நூல்கள், உறுப்பினர்கள், இரவல் என்று மூன்று அட்டவணைகள் போட்டால் ஆயிற்று. வாரம் ஒருமுறை பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வேறொருவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். தமிழ்ப் புத்தகங்கள் என்றதும்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு முறையில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒவ்வொரு குறியும் கணிப்பொறியில் மூன்று பைட் இடம் பிடிக்கும். ஆக 15 பைட். முகவரியின் வாலில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தெண்ணுமாக விரியும். மூன்றெழுத்துத் தமிழ் 45 எழுத்தாக நீண்டு நிற்கும். வந்ததை அப்படியே வைத்துக்கொண்டு "இதன் நீளம் என்ன?" என்று பெர்லைக் கேட்டால் 15 என்கும். வந்தது யூனிகோடு எழுத்து, பிரித்துப் படி என்று சொன்னபின் கேட்டால் 5 என்கும். நம்மைப் போல 3 என்று எண்ணவும் பெர்லுக்குத் தெரியும்: அதன் தேடல் குறிகளில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்தது, துணைக்குறியோடு கூடிய முழு எழுத்தையும் ஒன்றாக எடுக்கும். உள்ளே வரும்போது பிரித்துப் படி, வெளியே போகும்போது கட்டி அனுப்பு, நிரலுக்குள் எழுதியிருப்பதும் யூனிகோடே, தரவுத்தளமும் அப்படியே – இந்த நான்கையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பக்கம் முழுக்கப் புரியாத கிறுக்கல் வரும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. 'கௌரி' என்று ஒருவர் தேடுகிறார். பட்டியலில் அந்தப் பெயரில் நூல் இருக்கிறது. ஆனாலும் "இல்லை" என்று வருகிறது. ஏன்? பட்டியலைத் தட்டச்சு செய்தவர் ஒற்றைக் கொம்பு போட்டு, ககரத்துக்குப் பின் ளகரத்தைத் தட்டி 'கெளரி' என்று வைத்துவிட்டார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணிப்பொறிக்கு வேறு வேறு சொல். பௌர்ணமி, வௌவால் எல்லாவற்றிலும் இதே கதைதான். 'கொ', 'கோ' போன்றவையோ யூனிகோடிலேயே இரண்டு விதமாக எழுதச் சட்டபூர்வமாக இடமிருப்பவை: முழுக் குறி ஒன்றாக எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். இரண்டாவது சிக்கலுக்குப் பெர்லோடு வரும் சீராக்கும் தொகுப்பு ஒன்று உள்ளது. சேமிக்கும் போதும் தேடும் போதும் எழுத்தை அதற்குள் ஒருமுறை செலுத்தினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். ளகரச் சிக்கலுக்கு நாமே ஒரு விதி எழுத வேண்டும்: கொம்பு போட்ட எழுத்துக்குப் பின் வரும் ளகரத்துக்கு உயிர்க்குறியோ புள்ளியோ இல்லையென்றால், அது ஔகாரத்தின் வால். 'வெளி', 'வெள்ளி', 'கெளுத்தி' எல்லாம் தப்பித்துக்கொள்ளும். பெர்லில் இது ஒரே வரி. ஆனால் பேச்சுத் தமிழில் எழுதப்பட்ட கதைகளில் 'வெளயாட்டு' என்று வரும். விதி அதையும் கெடுத்துவிடும். எனவே மாற்றியதை ஒரு மனிதர் ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும். இதற்கு நம் சங்கத்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களை விடப் பொருத்தமானவர்கள் யார்?

அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோடு எண் வரிசையை அப்படியே நம்பினால், 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து வந்து நிற்கும். 'ற', 'ர'வின் பக்கத்தில் உட்காரும். 'வ' மூன்று லகரங்களுக்கும் பிறகு போய்விடும். புள்ளி வைத்த 'க்' எல்லாக் ககரங்களுக்கும் கடைசியில் வரும். அகராதியில் தேடிப் பழகிய கை தடுமாறிப் போகும். தமிழ் வரிசை தெரிந்த அடுக்கும் தொகுப்பு ஒன்றும் பெர்லோடு வருகிறது. 'தமிழ்' என்று அதற்குச் சொன்னால் போதும்.

திருப்பித் தரவேண்டிய தேதியைக் கணக்கிடும்போது ஒரு எச்சரிக்கை. பெர்லிடம் இன்றைய தேதியைக் கேட்டால் ஆண்டை 1900 கழித்துத்தான் சொல்லும். மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். இதை அறியாமல் முன்னால் '19' என்று ஒட்டியவர்களின் வலைப்பக்கங்கள் 2000 ஜனவரி முதல் தேதியன்று '19100' என்று ஆண்டைக் காட்டின. உலகமே பார்த்துச் சிரித்தது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெர்லுக்குக் கெட்ட பெயர் வந்ததில் பாதி, கண்ட இடத்தில் இறக்கிப் போட்ட இலவச நிரல்களால்தான். ஃபார்ம்மெயில் என்ற நிரல் 1995-இல் ஓர் அமெரிக்கப் பள்ளி மாணவர் எழுதியது. படிவத்தில் நிரப்பியதை மின்னஞ்சலாக அனுப்பும். உலகம் முழுக்க நிறுவினார்கள். யாருக்கு அனுப்புவது என்பதையே வெளியாள் மாற்ற முடிந்ததால், குப்பை அஞ்சல் அனுப்புபவர்கள் அதைத் தம் இலவசத் தபாலாபீஸாக்கிக் கொண்டார்கள். வெளியிலிருந்து வரும் எதையும் நம்பக்கூடாது. தேடும் சொல்லைத் தரவுத்தள ஆணைக்குள் நேரே ஒட்டினால், சொல்லுக்குப் பதில் ஓர் ஆணையையே ஒருவர் எழுதி அனுப்பி அட்டவணையை அழித்துவிட முடியும். அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்துச் சொல்லைத் தனியாகக் கொடுத்தால், தரவுத்தளம் அதை வெறும் சொல்லாகவே பார்க்கும். கடவுச்சொல்லைச் சொல்லாகவே சேமிக்காமல், திரும்பப் பிரிக்க முடியாத உருவில் சேமிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விட முக்கியம், எதைக் காட்டுவது என்பது. நூல் இருக்கிறதா, எப்போது திரும்பும் என்பது மட்டும் போதும். யார் எடுத்துப் போயிருக்கிறார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. உறுப்பினர்களின் சொந்த ஊர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எதுவும் பொதுப்பக்கத்தில் வரக்கூடாது. தனிநபர் எண்மத் தரவுகளைக் காக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், தனியாக வசிக்கும் முதியவர்கள் நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

எழுதியவருக்கு மாற்றல் வந்து வேறூர் போய்விட்டால்? இது நம் போன்றவர்களுக்கு நிஜமான கவலை. பெர்லில் ஒரே காரியத்தைப் பல விதமாக எழுதலாம். கெட்டிக்காரத்தனம் காட்டினால் மறு மாதம் எழுதியவருக்கே புரியாது. நீளமான பெயர்கள், வரிக்கு ஒரு வேலை, தமிழிலேயே குறிப்புகள் என்று எழுதினால் அடுத்து வருகிற இளைஞர் பிடித்துக்கொள்வார். சர்வரின் கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும்.

பெர்லின் அசல் திறமை தெரியவரும் இன்னொரு வேலை, பழைய பட்டியல்களை மீட்பது. 1990-களில் தமிழைத் தட்டச்சு செய்தது ஆளுக்கொரு எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தார்கள். எழுத்துரு இல்லாவிட்டால் பக்கம் முழுவதும் அர்த்தமற்ற ஆங்கிலம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தும், அதற்கு முன் தட்டியவை தட்டியபடியே நின்றன. அந்த எழுத்துருக்களில் 'கெ' என்பது கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. 'கொ'வில் கொம்பு, ககரம், கால் மூன்றையும் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற அட்டவணையும், இடம் மாற்றும் சில விதிகளும் இருந்தால் ஒரு முழு மலரைப் பெர்ல் நொடியில் மாற்றித் தரும். இதையும் ஒரு வலைப்பக்கமாக வைக்கலாம்: மேலே பழைய எழுத்தை ஒட்டினால் கீழே யூனிகோடு வரும்.

ஆனால் அட்டவணை எழுத, எழுத்துரு எது என்று தெரிய வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் கால பிளாப்பி, சி.டி. ஏதேனும் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். சங்க மலரையோ நூலகப் பட்டியலையோ அப்போது தட்டச்சு செய்தவர்கள், எழுத்துருவின் பெயர் நினைவிருந்தால் நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.