பெரியம்மா ஏன் பஸ் ஏறலை? கர்ப்பப்பை இறக்கம் பத்தி ஒரு எபிசோட்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த தடுமாற்றம், திரும்பத் திரும்பச் சொன்னது எல்லாம் எடுத்தாச்சு.)

இந்த எபிசோடை ஹெட்போன்ல தனியா கேக்காதீங்க. முடிஞ்சா வீட்ல ஸ்பீக்கர்ல போடுங்க. அம்மா பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது. ஏன்னு போகப்போகத் தெரியும்.

எங்க பெரியம்மா ஊர் மாகறல். காஞ்சிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் போற வழியில, செய்யாத்தங்கரையில இருக்கு. சம்பந்தர் பாடின மாகறலீஸ்வரர் கோயில் இருக்கற ஊர். பெரியம்மா வீட்ல தறி உண்டு. பெரியப்பா நெய்வார், பெரியம்மா தார் சுத்துவாங்க. கோர்வைச் சேலைன்னா பக்கத்துல உக்காந்து நாடா தள்ளுவாங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி நான் சென்னையில புது வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சினேன். பெரியம்மா வரலை. அதுக்கு முன்னாடி அக்கா வளைகாப்புக்கும் வரலை. எங்க வீட்ல எல்லாரும் ‘அவங்களுக்கு ஏதோ கோவம்’னு முடிவு பண்ணிட்டோம். அம்மா ஆறு மாசம் போன்கூடப் பண்ணலை.

அந்தப் பொங்கலுக்கு நான் மாகறல் போனப்போ, பெரியம்மா ஒரு குடம் தண்ணியத் தூக்கப் போய், பாதியில வெச்சிட்டுத் திண்ணையில உக்காந்துட்டாங்க. கேட்டேன். முதல்ல ‘ஒண்ணுமில்லடி’ன்னாங்க. அப்புறம் குரலை இறக்கி, ‘கீழ சதை மாதிரி இறங்குது. படுத்தா உள்ள போயிடும், நின்னு வேலை செஞ்சா வெளிய வந்துடும். ஒம்பது வருஷமா துணிய மடிச்சு வெச்சுக்கிட்டு ஓட்டறேன். பஸ்ல ரெண்டு மணி நேரம் எப்படிடி வருவேன்?’

கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒம்பது வருஷமா யாருக்கும் தெரியல, பெரியப்பா உட்பட.

இதைச் சொல்ல பெரியம்மாகிட்ட அனுமதி வாங்கிட்டேன். ‘என் பேரை மட்டும் சொல்லாத, மத்ததெல்லாம் சொல்லு’ன்னாங்க.

உள்ள என்னதான் நடக்குது?

தூளி பாத்திருப்பீங்க. உத்தரத்துல கயிறு, கீழ புடவை, அதுக்குள்ள குழந்தை. நம்ம இடுப்புக்குள்ளயும் கிட்டத்தட்ட அதே அமைப்புதான். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் மேல தசைநார்கள் கயிறு மாதிரி பிடிச்சிருக்கு. கீழ இடுப்புத்தளத் தசைகள் புடவை மாதிரி தாங்குது. கயிறோ புடவையோ தொய்ஞ்சா, உள்ள இருக்கறது கீழ இறங்கும். முன்பக்கம் தொய்ஞ்சா சிறுநீர்ப்பை, நடுவுல தொய்ஞ்சா கர்ப்பப்பை, பின்பக்கம் தொய்ஞ்சா மலக்குடல், பிறப்புறுப்பு வழியா பிதுங்கும். சில பேருக்கு ரெண்டு மூணும் சேர்ந்தே வரும்.

புடவை ஏன் தொய்யுது? பெரிய காரணம் சுகப்பிரசவம், அதுலயும் பெரிய குழந்தை, ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். மாதவிடாய் நின்னப்புறம் ஈஸ்ட்ரோஜன் குறையறது இன்னொண்ணு. இது மேல வருஷக்கணக்கா அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கும்: மலச்சிக்கல்ல முக்கறது, விடாத இருமல், உடல் எடை, பாரம் தூக்கறது. பரம்பரையும் உண்டு.

அறிகுறி என்னன்னா, அடியில ஒரு கனம், ஏதோ இறங்கற உணர்வு. சாயங்காலம் ஜாஸ்தியா இருக்கும், படுத்தா குறையும். ஒண்ணுக்கு முழுசாப் போன திருப்தி இருக்காது, இல்ல அடக்க முடியாது. டாக்டர்கள் இதை ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் நிலை பிரிச்சுச் சொல்றாங்க. ஒண்ணு லேசான இறக்கம், நாலு முழுசா வெளிய வந்தது. பெரியம்மாவுக்கு மூணு.

இது ஒரு பெரியம்மா கதை இல்ல

1981-ல திருக்கழுக்குன்றம் பக்கம், பெரும்பாலும் தலித் பெண்களே சேர்ந்து ரூவ்செக்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. ரூரல் விமன்ஸ் சோஷியல் எஜுகேஷன் சென்டர்ங்கறதோட சுருக்கம். 2019-ல மாவட்டத்தைப் பிரிக்கற வரைக்கும் அந்த ஊரும் மாகறலும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம்தான். அந்த அமைப்பைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான டி.கே. சுந்தரி ரவீந்திரனும் கூட வேலை செஞ்சவங்களும், கர்ப்பப்பை இறக்கம் இருக்கற தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்கள்கிட்டயே உக்காந்து பேசி, 1999-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல வர்ற கதையெல்லாம் எனக்கு அந்தத் திண்ணையில கேட்ட மாதிரியே இருந்துச்சு. பிள்ளை பெத்த கொஞ்ச நாள்லயே பாரம் தூக்கற வேலைக்குத் திரும்பினது, வெக்கப்பட்டு வருஷக்கணக்கா மறைச்சது, வலியோட வேலைக்குப் போயே ஆகவேண்டிய நிலைமை.

நேபாளத்துல இது இன்னும் பெரிய பிரச்சினை. 2008-ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், இவ்வளவு பெண்கள் இந்த நோயோட விடப்பட்டிருக்கறது இனப்பெருக்க உரிமை மீறல்னே தீர்ப்பு சொல்லிச்சு. அதாவது ‘பொம்பளைக்கு இதெல்லாம் இருக்கறதுதான்’ங்கற பேச்சை ஒரு கோர்ட்டே ஏத்துக்கலை.

‘எடுத்துடலாம்’

பெரியம்மாவை முதல்ல ஒரு தனியார் கிளினிக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு நிமிஷம். ‘வயசாச்சு, குழந்தை பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்.’ வேற வழி இருக்கான்னு கேட்டேன். பதில் வரலை.

ஆபரேஷன் தப்புன்னு நான் சொல்லலை. நிறையப் பேருக்கு அதுதான் சரியான வழி, அதுல வாழ்க்கை மாறினவங்க இருக்காங்க. ஆனா தூளியை யோசிங்க. புடவை தொய்ஞ்சு குழந்தை தரையைத் தொடுதுன்னா, குழந்தைய எடுத்துட்டா புடவை சரியாயிடுமா? கர்ப்பப்பையை எடுத்துட்டு, தாங்கற தசைநாரைச் சரியா தூக்கிக் கட்டலைன்னா, பின்னாடி பிறப்புறுப்போட மேல்பகுதியே இறங்கலாம். அதனால ஆபரேஷன்னு சொன்னா டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: ‘எடுக்கறதோட தூக்கிக் கட்டறதும் செய்வீங்களா? கர்ப்பப்பையை வெச்சுக்கிட்டே கட்ட முடியுமா?’ ரெண்டாவது கேள்வி புதுசு இல்ல. இளம் பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுக்காம தூக்கிக் கட்டற முறைகளை பம்பாயில ஷிரோத்கர், புரந்தரே மாதிரி டாக்டர்கள் பல வருஷம் முன்னாடியே உருவாக்கியிருக்காங்க.

அந்த ரிங்

அடுத்து ஒரு அரசு ஆஸ்பத்திரி. அங்க இருந்த டாக்டரம்மா பரிசோதிச்சுட்டு, ‘முதல்ல ரிங் வெச்சுப் பாக்கலாமா?’ன்னாங்க. அதுக்குப் பேர் பெஸரி. நெகிழ்வான சிலிக்கான் வளையம், பார்க்க வளையல் மாதிரி. மடிச்சு உள்ள விட்டா விரிஞ்சு, இறங்கறதை மேல தாங்கிக்கும். ஹிப்போகிராட்டஸ் காலத்து கிரேக்கத்துல பாதி மாதுளம்பழத்தை இதுக்கு வெச்சாங்களாம். யோசனை அவ்வளவு பழசு, பொருள்தான் மாறியிருக்கு.

ரிங் செருப்பு மாதிரி. சைஸ் சரியா இருக்கணும். வெச்சுட்டு நடக்கச் சொல்வாங்க, இருமச் சொல்வாங்க, குந்தச் சொல்வாங்க, ஒண்ணுக்குப் போயிட்டு வரச் சொல்வாங்க. சரியான சைஸ்னா உள்ள இருக்கறதே தெரியக்கூடாது. பெரியம்மாவுக்கு முதல் ரிங் மறுநாளே கக்கூஸ்ல விழுந்துடுச்சு. ‘நமக்கு இது ஒத்துவராதுடி’ன்னு அழுதாங்க. முதல் சைஸ் விழறது சகஜம்னு அப்போ எங்களுக்குத் தெரியாது. அடுத்த சைஸ் நின்னுச்சு. ரிங் நிக்காதவங்களுக்கு கெல்ஹார்ன், டோனட்னு வேற வடிவங்களும் இருக்கு.

கவனிக்க வேண்டியது:

ஒண்ணு, ரிங்கை வெச்சுட்டு மறக்கவே கூடாது. தானே கழட்டத் தெரிஞ்சா, டாக்டர் சொன்ன இடைவெளியில எடுத்து, சோப்புத் தண்ணியில கழுவி, திரும்ப வெச்சுக்கலாம். முடியாதவங்க சில மாசத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில கழட்டிக் கழுவிப் பாத்துக்கணும். வருஷக்கணக்கா மறந்து விட்டா, உள்ள புண்ணாகி, பக்கத்து உறுப்புல ஓட்டை விழற அளவுக்குக்கூடப் போகலாம். எங்க வீட்ல காலண்டர்ல தேதி எழுதி வெச்சிருக்கோம்.

ரெண்டு, லேசா வெள்ளைப்படறது சகஜம். நாத்தம், ரத்தம், வலி சகஜம் இல்ல. உடனே காட்டணும். மாதவிடாய் நின்னவங்களுக்கு உள்தோல் மெலிஞ்சிருக்கும், அதுக்கு டாக்டர் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தரலாம்.

மூணு, சாதாரண ரிங் வெச்சுக்கிட்டே தாம்பத்தியம் சாத்தியம், இல்ல கழட்டிட்டும் இருக்கலாம். இதைக் கேக்க வெக்கப்பட்டே சிகிச்சைய வேண்டாம்னு சொல்றவங்க உண்டு.

பிரிட்டன்ல 340 பெண்களை வெச்சு டாப்சினு ஒரு ஆய்வு நடந்துச்சு. பெஸரியைத் தானே கழட்டி மாட்டக் கத்துக்கிட்டவங்க, ஆஸ்பத்திரிக்கே போய்ப் பாத்துக்கிட்டவங்களைவிட எந்த விதத்துலயும் மோசமா இல்ல, சிக்கலும் குறைவா இருந்துச்சு. பெரியம்மா கத்துக்க மூணு வாரம் ஆச்சு. அந்தச் சன்னமான ஜரிகைய அறுந்த இடத்துல முடிச்சுப் போடற கைக்கு இது பெரிய விஷயமான்னு நான் கேட்டேன். ‘ஜரிகை கண்ணுக்குத் தெரியுமேடி’ன்னாங்க.

தசைக்கு வேலை, உடம்புக்கு இளைப்பாறல்

1948-ல ஆர்னால்டு கெகல்ங்கற அமெரிக்க டாக்டர் இடுப்புத்தளப் பயிற்சியைப் பத்தி எழுதினார். அதனாலதான் கெகல் பயிற்சின்னு பேர். காத்து வெளியேறாம அடக்கறோம் இல்லையா, அந்தத் தசைய உள்ள இழுத்து மேல தூக்கணும். ஆரம்பத்துல மூணு எண்ணற வரைக்கும், போகப்போகப் பத்து வரைக்கும். பிடிச்ச அளவுக்கு விடவும் வேணும். ஒரு தடவைக்கு எட்டுலேர்ந்து பத்து, நாளைக்கு மூணு வேளை. வயிறு, தொடை, பின்பக்கத்தை இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஒண்ணுக்குப் போகும்போது பாதியில நிறுத்தி நிறுத்திப் பழகவும் கூடாது.

குறைஞ்சது நாலு மாசம் விடாம செய்யணும். லேசான, நடுத்தர இறக்கத்துல அறிகுறி குறையுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. முழுசா வெளிய வந்துட்டதைப் பயிற்சியால மட்டும் உள்ள அனுப்ப முடியாது. அதை நேர்மையா சொல்லிடணும்.

அப்புறம் தினசரி வேலை. இருமறதுக்கும் தும்மறதுக்கும் தூக்கறதுக்கும் ஒரு நொடி முன்னாடி அந்தத் தசைய இறுக்கிக்குங்க. பாரத்தை உடம்போட ஒட்டிப் பிடிச்சு, மூச்சை விட்டுக்கிட்டே தூக்குங்க. ஒரு பெரிய குடத்துக்குப் பதிலா ரெண்டு சின்னக் குடம். கக்கூஸ்ல முக்காதீங்க. வெஸ்டர்ன்னா காலடியில சின்ன முக்காலி வெச்சு, முன்னால சாஞ்சு உக்காருங்க. நிறையத் தண்ணி, கீரை, பழம். தறிவேலையில இது பெரிய பிரச்சினை. எழுந்திருக்கச் சோம்பல்பட்டு தண்ணியே குடிக்க மாட்டாங்க, மலச்சிக்கல் வந்துடும். கூன் போட்டே உக்காராம மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கணும். மத்தியானம் இருபது நிமிஷம் இடுப்புக்குக் கீழ தலையணை வெச்சுப் படுத்தா கனம் இறங்கும்.

இது எல்லாம் அவங்க கையில மட்டும் இருக்கா? இல்ல. ஓய்வுங்கறது வீடு கொடுக்கற விஷயம். 1987-லயே தமிழ்நாட்டுல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல மகப்பேறு நிதியுதவி கொண்டுவந்தாங்க. கூலி போச்சேன்னு உடனே வேலைக்கு ஓட வேண்டாங்கறதுதான் அதோட நோக்கத்துல ஒண்ணு. பணம் வந்தாலும் குடத்தை யார் தூக்கறதுன்னு முடிவு பண்றது வீடுதான். இப்போ மாகறல்ல தண்ணி தூக்கறது பெரியப்பா.

உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய நேரம்

வெளிய வந்தது உள்ள போகலைன்னா, ஒண்ணுக்கே போக முடியலைன்னா, புண்ணோ ரத்தமோ நாத்தமோ இருந்தா, மாதவிடாய் நின்னப்புறம் ரத்தம் வந்தா, காத்திருக்காதீங்க. மத்தபடி பக்கத்து அரசு ஆஸ்பத்திரி மகளிர் பிரிவுல காட்டி, ‘ரிங் வெச்சுப் பாக்கலாமா?’ன்னு வாய்விட்டுக் கேளுங்க.

போன தீபாவளிக்குப் பெரியம்மா எங்க வீட்டுக்கு வந்தாங்க. பஸ்லதான். பைக்குள்ள எனக்கு முறுக்கு, ஓரமா ஒரு மடிச்ச துணி. ‘ரிங்தான் இருக்கே, துணி எதுக்கு?’ன்னேன். ‘இருக்கட்டும்டி, பழக்கம்’னாங்க. அம்மாவும் அவங்களும் அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாங்க. மறுநாள் காலையில அம்மா என்கிட்ட வந்து, ‘எனக்கும் லேசா அப்படித்தான் இருக்கு’ன்னாங்க.

நானும் ஒரே வீட்ல இருபது வருஷத்துக்கு மேல அவங்களோட இருந்திருக்கேன். ஒருநாளும் கேட்டதில்ல. நீங்க இன்னைக்குக் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.