முதலாளிக்கே வாடகை: இந்தக் கணக்கில் மிச்சம் எங்கே?

கம்பெனிகள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய அக்டோபர் 31 கெடு. அது நெருங்கினாலே வாசகர் கடிதங்களில் இந்தக் குழப்பம் தலைகாட்டும்: என் கட்டடத்தில் என் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடக்கிறது, அதனிடம் நானே வாடகை வாங்கலாமா?

தாராளமாக. சட்டத்துக்கு முதலாளி வேறு, கம்பெனி வேறு.

மாத வாடகை 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 லட்சம் கம்பெனிக்குச் செலவு. 22 சதவீதச் சலுகை விகிதத்தில் இருக்கும் கம்பெனிக்கு, சர்சார்ஜ், செஸ் சேர்த்து ஏறக்குறைய 3.02 லட்சம் வரி குறையும். முதலாளிக்கோ இது வீட்டுச் சொத்து வருமானம். கடைக்கும் கிடங்குக்கும் கூட அதே தலைப்புதான். அதில் 30 சதவீதம் கேள்வி கேட்காமல் கழியும்; மீதி 8.4 லட்சத்துக்கே வரி. உச்ச வரம்பில் இருப்பவருக்கும் அது 2.62 லட்சம்தான். அதே 12 லட்சம் லாபமாக நின்று டிவிடெண்டாக வந்திருந்தால், இரண்டு இடத்திலும் சேர்த்து 5.82 லட்சம் போயிருக்கும்.

அந்த 30 சதவீதம் பழுதுபார்ப்புக்கும் வசூல் செலவுக்கும் ஈடு என்பார்கள். தன் கம்பெனியிடமே வாடகை வசூலிக்க என்ன செலவு? பழுதுபார்ப்பு கம்பெனி பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், அந்தச் செலவையும் கம்பெனி தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். முதலாளியின் 30 சதவீதத்தில் ஒரு பைசா குறையாது.

ஆசைப்பட்டு வாடகையை ஏற்றினால்தான் வம்பு. சந்தை மதிப்புக்கு மேற்பட்ட பகுதியைச் செலவாக ஏற்க அதிகாரி மறுக்கலாம். மறுத்தாலும் முதலாளி கையில் அதற்கு வரி உண்டு. எது ‘நியாயமான’ வாடகை என்பதற்குச் சட்டம் வாய்பாடு தரவில்லை. அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் வாடகை ஒப்பந்த நகல் ஒன்றிரண்டு கோப்பில் இருப்பது நல்லது.

டி.டி.எஸ். பிடிக்க வேண்டுமா? மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம்.

ஜி.எஸ்.டி.? முதலாளிக்குப் பதிவு இல்லை, கம்பெனிக்கு உண்டு என்றால், வணிகக் கட்டட வாடகைக்கு 10.10.2024 முதல் கம்பெனியே 18 சதவீதம் ரொக்கமாகக் கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு விலக்கு. வருவாய்க் கசிவைத் தடுக்கவே இது என்றது அரசு. வரிக்குரிய சரக்கு விற்கும் கம்பெனி கட்டியதை வரவாக எடுத்துக்கொள்ளும் என்பதால், அங்கே அடைபட்ட கசிவு எதுவென்று தெரியவில்லை.

அட்வான்ஸ்? ஊர் வழக்கத்தை மீறிப் பெரிதானால், பங்குதாரருக்குத் தந்த கடன் என்று கருதி டிவிடெண்டாகவே வரி போட வழி உண்டு. அங்கே 30 சதவீதக் கழிவு கிடையாது.