பழைய மில்லிங் எந்திரத்திற்குக் கணிப்பொறி பூட்டுதல்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் உருவாகும் பியூஸ் கட்டைகளையும் அகல் விளக்குகளையும் பொம்மைகளையும் நேயர்கள் பலர் கண்டிருத்தல் கூடும். அவற்றிற்கு முன்னே ஓர் அச்சு உண்டு என்பதைக் கருதுவோர் சிலரே. மண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். நூற்றுக்குப் பத்துச் சுருங்கும் மண்ணாயின், 90 மில்லிமீட்டர்ப் பொருளுக்கு அச்சு 100 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். அச்சு பிழைத்தால் ஆயிரம் பொருள்களும் பிழைக்கும்.

என் பழைய மாணவர் ஒருவரின் தந்தையார், சிறியதொரு மில்லிங் எந்திரத்தின் கைச்சக்கரங்களைத் திருப்பியே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரும்பு அச்சுகள் வெட்டி வந்தார். கண்ணொளி குன்றவே, வேலை வெளியூர்ப் பட்டறைகளுக்குப் போகலாயிற்று. புதிய சி.என்.சி. எந்திரம் வாங்கப் பொருளில்லை. ஆகவே மகன், 'கிட்' என்று தொகுதியாக விற்கப்படும் உறுப்புகளை வாங்கிப் பழைய எந்திரத்திலேயே பூட்ட முனைந்தார்.

கருத்து புதிதன்று. 1952-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட காகித நாடாவின் கட்டளைப்படி ஒரு மில்லிங் எந்திரம் இயங்கிக் காட்டியது. அதற்கு நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழல்கள் தேவைப்பட்டன. இன்று உள்ளங்கையளவுப் பலகையொன்று அவ்வேலையைச் செய்கிறது.

மேசையை நகர்த்தும் திருகாணியைக் கைக்குப் பதிலாக ஸ்டெப்பர் மோட்டார் திருப்புகிறது. இவ்வகை மோட்டார் பெரும்பாலும் ஒரு சுற்றினை 200 படிகளாகச் சுற்றும். ஒரு சுற்றுக்கு மேசை 5 மில்லிமீட்டர் நகருமாயின், ஒரு படிக்கு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. கணக்கு அழகானதே!

ஆயினும் முதல் அச்சு பாழாயிற்று. வட்டமாக வெட்டிய குழியில் நான்கு இடங்களில் சிறு தழும்புகள். மகன் கட்டளை வரிகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். தந்தையாரோ குழியின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்து, "மரை தேய்ந்திருக்கிறது. நான் சக்கரத்தைத் திருப்பும்போது அந்த ஆட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் வெட்டுவேன். உன் மோட்டாருக்கு அது தெரியுமா?" என்றார்.

உண்மை அதுவே. வட்டம் வெட்டுகையில் மேசையின் இடவல நகர்ச்சி இரண்டு இடங்களிலும், முன்பின் நகர்ச்சி இரண்டு இடங்களிலும் திசை மாறும். திருகாணிக்கும் மரைக்கும் இடையே தளர்ச்சி இருப்பின், மோட்டார் சுழன்றும் மேசை கணநேரம் நின்றுவிடும். கணிப்பொறியோ நகர்ந்ததாகவே எண்ணிக்கொள்ளும். கணிப்பொறியில் இத்தளர்ச்சியை ஈடுசெய்யும் ஏற்பாடு உண்டு. எனினும் கட்டர் மேசையைத் தன்பால் இழுக்கும்போது அது கைகொடாது. கிட் விற்றவர் இதைச் சொல்லவில்லை என்பது என் மனக்குறை.

பின்னர்க் கடன் வாங்கிப் பால் ஸ்க்ரூ பொருத்தினர். இதன் மரைக்குள் எஃகுக் குண்டுகள் உருண்டு சுற்றிவருவதால் உராய்வு குறைவு. தளர்ச்சியும் மிகச் சிறிது. ஆனால் தடையின்றிச் சுழல்வதனாலேயே, மோட்டாரை நிறுத்தினால் கட்டரின் விசைக்கு மேசை நழுவிவிடும். பழையபடி கையால் வெட்டுதல் இனி இயலாது. தந்தையார் இதைக் கேட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு தாமே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

கழற்றிய இரண்டு சக்கரங்களையும் எண்ணெய் தடவித் துணியிற் சுற்றி வைத்திருக்கிறார். அச்சு வெட்டி முடிந்ததும் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பது இன்றும் அவர் வேலையே.