உங்கள் சட்டையும் சர்க்கரைதான், தெரியுமா?

பெரம்பலூரில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து அரியலூர் வரைக்கும் போய்ப் பாருங்கள். கரிசல் காடு, இந்தப் பக்கம் மக்காச்சோளம், அந்தப் பக்கம் பருத்தி. இரண்டும் ஒரே சர்க்கரையால் ஆனவை என்பது தெரியுமா? மக்காச்சோள மணிக்குள் இருக்கும் மாவுச்சத்து, குளுக்கோஸ் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்த சரம். பருத்திப் பஞ்சின் செல்லுலோஸும் அதே குளுக்கோஸைக் கோத்த சரம்தான். நீங்கள் போட்டிருக்கும் பருத்திச் சட்டையை ரசாயனக் கண்ணால் பார்த்தால் ஏறக்குறைய முழுக்கச் சர்க்கரை!

அப்படியானால் பசிக்கிறபோது காலரைக் கடித்தால் என்ன? கோத்த விதத்தில் இருக்கிறது சூட்சுமம். மாவுச்சத்தில் எல்லாக் குளுக்கோஸும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். சரம் சுருண்டு தளர்ந்து, நொதி நுழைய இடம் விடும். செல்லுலோஸில் ஒன்று நிமிர்ந்திருந்தால் அடுத்தது தலைகீழ். அதனால் சரம் விறைப்பாக நீண்டு பக்கத்துச் சரத்தோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. நம் எச்சிலில் ஊறும் அமிலேஸ் என்கிற நொதிக்கு முதல் வகை முடிச்சை மட்டுமே அவிழ்க்கத் தெரியும். ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள், மெல்ல இனிக்கும். அது அமிலேஸ் செய்யும் வேலை. மாவுச்சத்தை நம்பி வாழ்ந்த மக்களிடம் இந்த நொதிக்கான மரபணு நகல்கள் சராசரியாகக் கூடுதலாக இருப்பதை 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. சாப்பாட்டுப் பழக்கம் மரபணுவின் எண்ணிக்கை வரைக்கும் போய்க் கை வைத்திருக்கிறது!

அந்த இரண்டாவது முடிச்சை ஆடு மாடு அவிழ்க்கிறதே என்பீர்கள். இல்லை, ஆட்டுக்கும் அது தெரியாது! அதன் அசைபோடும் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் செல்லுலோஸை உடைக்கின்றன. அவை கழித்துவிடும் அமிலங்களை ஆடு உறிஞ்சி எரிபொருளாக்குகிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களையே அடுத்த இரைப்பைக்குத் தள்ளிச் செரித்துப் புரதமும் எடுத்துக்கொள்கிறது. குடிவைத்த வீட்டுக்காரர் குடித்தனக்காரரையே சாப்பிடுகிற கதை.

நுண்ணுயிர் வயிற்றிலிருந்து தப்பித்த மரமும் இந்த வட்டாரத்தில் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம், சுமார் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். கடல் வண்டலில் புதைந்ததால் முழுசாக மட்கிப்போகத் தப்பியது. செல்லுலோஸ் இருந்த இடத்தில் சிலிக்கா ஏறிக் கல்லாகிவிட்டது. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் பிரம்மாண்டமான டைனோசர் எலும்புகளும் கிடைத்தன. நீள்கழுத்துத் தாவரந்தின்னி இனம் என்பது பலருடைய கருத்து. அந்த இனத்துக்கு மெல்லும் பழக்கமே கிடையாது. இலை தழையை அப்படியே விழுங்கி, நாள் கணக்கில் வயிற்றுக்குள் ஊறப்போட்டு, நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்துவிடும்.

சரி, பெரம்பலூர் மக்காச்சோளம் எங்கே போகிறது? பெரும்பங்கு நம் தட்டுக்கு நேராக வருவதில்லை. கோழித் தீவனமாகிப் பிறகு முட்டையாக வருகிறது. அந்த மஞ்சள் கருவின் மஞ்சள் நிறம் கோழி உண்டாக்கியதல்ல, தெரியுமா? கோழியால் அந்த நிறமியைத் தயாரிக்கவே முடியாது. மக்காச்சோளத்தின் லூட்டீன், ஸியாசாந்தின் நிறமிகளை வாங்கிக் கருவில் சேர்த்து வைக்கிறது. அந்த முட்டையை நாம் சாப்பிட்டால் நிறமிகள் கொழுப்போடு சேர்ந்து குடல் தாண்டி, ரத்தம் ஏறி, கடைசியில் கண்ணின் விழித்திரையில் பார்வை மிகக் கூர்மையாக இருக்கும் நடுப்புள்ளியில் போய்ப் படிகின்றன. இந்த வரியைப் படிக்கும் உங்கள் கண்ணின் மஞ்சள் புள்ளிக்கு நிறம் கொடுத்தது ஏதோ ஒரு செடி! நீலக் கதிரை வடிகட்டுவது அங்கே அந்த நிறமிக்கு வேலை.

முட்டை ஓடு இன்னும் ஆச்சரியம். ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அரியலூர் சுண்ணாம்புக் கல்லும் அதேதான். சுமார் 20 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் இரவில், இந்த ஓட்டைக் கோழி கட்டி முடிக்கிறது. ஒரு ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். தீவனத்தில் வந்தது போதாத நேரத்தில் தன் எலும்புக்குள் இதற்கென்றே சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தைக் கரைத்து எடுக்கிறது. கார்பனேட்? அது கோழியின் உடம்பில் உண்டாகும் கரியமில வாயுவிலிருந்து! வாயுவைத் தண்ணீரோடு சேர்க்கும் நொதிக்குப் பெயர் கார்போனிக் அன்ஹைட்ரேஸ். ஒரே ஒரு நொதி மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சம் முறை வரை இதைச் செய்யும்.

அதே நொதி உங்கள் இரைப்பையில் நேர் எதிரான காரியத்துக்கு உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியுமா? அங்கே அதற்கு அமிலம் தயாரிக்கும் வேலை. கரியமில வாயுவும் நீரும் சேர்ந்து பிரியும்போது கிடைக்கும் ஹைட்ரஜன் அயனியை இரைப்பைச் சுவரின் செல்கள் உள்ளே பம்ப் செய்கின்றன. ரத்தத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு அடர்த்தி! மிச்சமாகும் பைகார்பனேட் ரத்தத்துக்குப் போகிறது. அதனால் வயிறு நிறையச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துக்கு ரத்தம் ஒரு துளி காரத்தன்மை பக்கம் சாய்கிறது.

அரியலூருக்கு வரும் புவியியல் மாணவர்கள் பையில் ஒரு சின்னச் சொட்டு பாட்டில் வைத்திருப்பார்கள். கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லை எடுத்து, தூசியை ஊதிவிட்டு, ஒரு சொட்டு விடுவார்கள். உஸ்ஸென்று நுரைக்கும், குமிழ் குமிழாக வாயு கிளம்பும். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். பாட்டிலில் இருப்பது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், உங்கள் வயிற்றில் இருக்கும் அதே அமிலம்! நெஞ்சு கரிக்கிறது என்று மருந்துக் கடையில் வாங்கிச் சப்பும் மாத்திரைகளில் பலவும் கால்சியம் கார்பனேட்தான். அந்த மாணவர்கள் கல்லின் மேல் செய்யும் சோதனையை நீங்கள் வயிற்றுக்குள் செய்கிறீர்கள். பின்னாலேயே ஏப்பம் வருவது அந்த வாயுதான்.

கல்லங்குறிச்சிக் கல்லில் கொத்துக் கொத்தாகச் சிப்பி ஓடுகள் பதிந்திருக்கும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த சிப்பிகள். இந்த 7 கோடியை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேளுங்கள். நம் செல்களில் மரபணுப் பொருளுக்கான ஒரு துண்டைத் தயாரிக்கும்போது, ஒரு கட்டத்தில் மூலக்கூறிலிருந்து ஒரு கரியமில வாயுவைக் கழற்ற வேண்டும். நொதி இல்லாமல் தண்ணீரில் சும்மா விட்டுவைத்தால் அந்த வினை பாதி முடியவே சுமார் 7 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் வுல்ஃபெண்டன் 1995இல் கணக்கிட்டுச் சொன்னார். அந்தச் சிப்பி உயிரோடிருந்தபோது தொடங்கியிருந்தால் இன்னும் பாதிகூட ஆகியிருக்காது! நொதி இருந்தால்? ஒரு நொடிக்குள் சுமார் 40 முறை முடித்துவிடும். இங்கே சிமென்ட் ஆலைச் சூளையில் கல்லைச் சிமென்டுக்கான கிளிங்கர் கட்டிகளாக்க 1,400 டிகிரிக்கு மேல் காய்ச்சுகிறார்கள். உடம்புக்கு 37 டிகிரி போதும்.

மக்காச்சோளத்துக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள பழைய உறவைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே வீண். என்னைக் கேட்டால் மொத்தத்திலும் இதுதான் பெரிய அதிசயம். மக்காச்சோளம் பிறந்த மெக்சிகோவில் அதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறப்போட்டு, பிறகுதான் அரைப்பார்கள். ஏன் என்று கேட்டால் தோல் எளிதாக உரியும், மாவு நன்றாகப் பிசைய வரும் என்பார்கள். ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தை எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். விளைவு, பெலாக்ரா! தோல் வெடிக்கும், பேதி நிற்காது, புத்தி பேதலிக்கும், கடைசியில் சாவு. 1735இல் ஸ்பெயினில் மருத்துவர் காஸ்பர் கசால் இந்த நோயை முதலில் விவரித்து எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் லட்சக்கணக்கானோரை வாட்டியது.

கிருமியால் வருகிறது என்று பலரும் சாதித்தபோது, உணவுக் குறை என்றார் அமெரிக்க மருத்துவர் ஜோசஃப் கோல்ட்பெர்கர். நம்பவைக்க அவர் செய்ததைக் கேட்டால் குமட்டும். 1916இல் அவரும் சகாக்களும் நோயாளிகளின் தோல் பொருக்கு, சிறுநீர், மலம் எல்லாம் கலந்த உருண்டைகளை விழுங்கினார்கள். ஒருவருக்கும் பெலாக்ரா வரவில்லை. குறை எது என்று தெரிவதற்குள் 1929இல் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். 1937இல் உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வெஜெம் கண்டுபிடித்தார்: நியாசின் என்கிற வைட்டமின். மக்காச்சோளத்தில் நியாசின் இருக்கிறது, ஆனால் வேறு பொருளோடு பிணைந்து கிடப்பதால் நம் குடலால் எடுக்க முடியாது. அந்தப் பிணைப்பை அறுப்பது காரம். அதைத்தான் சுண்ணாம்பு செய்தது!

நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. சேலத்தில் 1918இல் பிறந்த சி. கோபாலன், குன்னூரில் தொடங்கி 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். தக்காணத்தில் மக்காச்சோளமே தொடாமல் வெள்ளைச்சோளம் தின்றவர்களுக்கும் பெலாக்ரா வருவதை அவர் கவனித்தார். நம் உடம்பு டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து கொஞ்சம் நியாசினைத் தானே செய்துகொள்ளும். 60 மில்லிகிராம் போட்டால் 1 மில்லிகிராம் கிடைக்கும். சோளத்தில் மிகுதியாக இருக்கும் லியூசின் என்ற வேறொரு அமினோ அமிலம் அந்த வேலையைக் கெடுக்கிறது என்று அவரும் சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் எழுதினார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவல்ல அது, வாதம் நீண்டது. ஆனால் ஒரு தானியத்தில் ஒன்று குறைவதைப் போலவே ஒன்று கூடுவதும் நோயாகலாம் என்ற கேள்வியை எழுப்பியது அந்தக் கட்டுரை.

ஒரு வைட்டமின் இல்லாமல் போனால் தோல், குடல், மூளை மூன்றும் ஏன் படுக்க வேண்டும்? நியாசினிலிருந்துதான் என்.ஏ.டி. என்ற மூலக்கூறை உடம்பு செய்கிறது. குளுக்கோஸைத் துண்டு துண்டாக உடைக்கும்போது கிடைக்கும் எலக்ட்ரான்களைச் சுமந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கொண்டுபோவது அது. அங்கே ஒரு சுழலும் இயந்திரம், நிஜமாகவே சுற்றும் இயந்திரம், ஏ.டி.பி. என்ற எரிபொருளை வார்க்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி.! நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் போகும். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் நடுத்தண்டில் ஒரு இழையை ஒட்டி, அது சுழல்வதை நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். அதே ஆண்டு, இந்த இயந்திரம் இயங்கும் விதத்தைச் சொன்ன பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் நோபல் பரிசு.

உடம்பில் எந்த நேரமும் இருக்கும் ஏ.டி.பி. ஒரு கைப்பிடிதான். ஆனால் ஒரு நாளில் அழித்து அழித்துச் செய்வதைக் கூட்டினால் கிட்டத்தட்ட உங்கள் எடை அளவுக்கு வரும்! இதை முதலில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். காந்தி சொல் கேட்டுக் கதர் கோட்டு போட்டுப் போனதில் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் கீழ்ப்பட்டத்தோடு வெளியே வந்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1929இல் ஏ.டி.பி.யை அறிவித்தார், அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் கண்டுபிடித்தார். பட்டத்தை மறுத்தவர் பெயர் நிலைத்ததோ இல்லையோ, ஃபிஸ்கே-சுப்பாராவ் சோதனை உயிர்வேதியியல் மாணவர்களுக்கெல்லாம் தெரியும்.

செட்டிக்குளம் பக்கம் காற்றோட்டமாகப் பட்டறை போட்டு வைத்திருக்கும் சின்ன வெங்காயத்துக்கு வருவோம். அதன் சர்க்கரையில் ஒரு பங்கு ஃப்ரக்டான் என்ற சரமாக இருக்கிறது. அதை அறுக்கும் நொதி மனிதனுக்குக் கிடையவே கிடையாது. ஆகவே சிறுகுடலில் யாரும் தொடாமல் பெருங்குடலுக்கு வந்து, அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்தாகிறது. அவை வெளிவிடும் பியூட்டிரேட் என்ற அமிலம்தான் பெருங்குடல் செல்களின் முக்கிய உணவு. கூடவே வெளிவரும் வாயு பற்றி விளக்கம் வேண்டாம்.

அடுத்து ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி. எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு கொழுப்பு. சோற்றின் குளுக்கோஸும் பருப்பின் அமினோ அமிலமும் குடலை விட்டதும் கல்லீரலுக்கு நேராகப் போய் ஆஜராகும். கொழுப்பு மட்டும் அந்த வழி போகாது! பித்தநீரில் சிறு துளிகளாகச் சிதறி, கணைய நொதியில் உடைந்து, குடல் செல்லுக்குள் நுழைந்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டு, நிணநீர்க் குழாய் ஏறி, மார்பு வழியாக மேலே போய், இடது கழுத்தடியில் ரத்தத்தில் கலக்கிறது. நெய்யில் வறுத்த முந்திரியோடு கல்யாண விருந்து சாப்பிட்டவரின் நிணநீரைப் பார்த்தால் பால்போல வெளுத்திருக்கும்.

அந்தக் கொழுப்பு தொப்பையாகி, பிறகு நடந்து நடந்து கரைந்தால், எங்கே போகிறது தெரியுமா? 2014இல் ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் இதையே மருத்துவர்களிடமும் உணவு ஆலோசகர்களிடமும் உடற்பயிற்சியாளர்களிடமும் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் வெப்பமாக, சக்தியாக மாறிவிடும் என்றார்கள். தப்பு! அணு எங்கும் காணாமல் போகாது. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூக்கு வழியே போகிறது, மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகி வியர்வையில், சிறுநீரில் போகிறது. இளைத்தவர் தன் தொப்பையை மூச்சாக விட்டுத் தீர்த்தவர்! அப்படியானால் உட்கார்ந்த இடத்திலேயே வேகவேகமாக மூச்சு விட்டால் இளைக்கலாமா என்று கேட்காதீர்கள். செல் எரித்த அளவுக்குத்தான் வாயு வரும். மிஞ்சி விட்டால் தலைதான் சுற்றும்.